அலமாரியில் நின்ற ஜப்பான் பொம்மை

பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தையில், விவரம் தெரிந்தவரை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். மேசையிலிருந்து ஒரு பீங்கான் பொம்மையை எடுத்தால் அவர் முதலில் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. நேராகக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். மெருகு படாத வெள்ளை விளிம்பு, நடுவில் பட்டாணி அளவு ஓட்டை, பக்கத்தில் சிவப்பு மையில் பாதி தேய்ந்த முத்திரை. விளிம்பை விரலால் தடவுவார். நகத்தால் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். முகம், உடை, அழகு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

குடை பிடித்த சீமாட்டி, புல்லாங்குழல் ஊதும் ஆட்டிடையன், குட்டிகளோடு நிற்கும் நாய், தலையில் மின்விளக்கைத் தாங்கிய நடனப்பெண். 1930-களிலிருந்து 1970-கள் வரை கடல் தாண்டி வந்த இந்தப் பொம்மைகள் கிள்ளான் பள்ளத்தாக்கின் நடுத்தரக் குடும்பங்களின் முன்கூடத்தில், கண்ணாடி அலமாரிக்குள் நின்றவை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ், செந்தூல் பட்டறைக்காரர்களின் வீடுகள், கிள்ளான் கடைவீடுகளின் மாடிகள் என்று அந்த அலமாரிகள் இருந்த இடங்களில் பல இன்று இடிந்துவிட்டன அல்லது கைமாறிவிட்டன. நகையைப் பங்கு போட்டார்கள், சாமி படத்தை எடுத்துக்கொண்டார்கள். பீங்கான் பொம்மை மட்டும் பழைய சாமான்காரரின் பெட்டிக்குப் போனது.

அது போயிருக்கக் கூடாது. அந்தப் பொம்மையின் அடியில் இருபதாம் நூற்றாண்டின் வணிகமும் போரும் முத்திரையாகப் பதிந்திருக்கின்றன.

பிரிக்பீல்ட்ஸ் என்ற ஊரே களிமண்ணில் பிறந்தது. 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் கொண்ட ஊர் அழிந்தது. மறுவருடம் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டார். கப்பித்தான் யாப் ஆ லோய் களிமண் வளமான நிலத்தில் சூளைகளை ஏற்படுத்தினார். அந்தச் சூளைகளின் பெயரைத்தான் ஊர் இன்றும் சுமக்கிறது. ஆனால் அந்த மண்ணில் இரும்புச் சத்து உண்டு. சுட்டால் சிவக்கும். செங்கல்லுக்கு அது போதும். பீங்கானுக்கு வெண்களிமண்ணும் 1,200 பாகைக்கு மேற்பட்ட சூடும் வேண்டும். ஆகவே செங்கல்லை உள்ளூரில் சுட்ட கோலாலம்பூர், பீங்கானைக் கப்பலில் வரவழைத்தது.

அதற்கு வழியும் திறந்தது. 1886-இல் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ரயில் ஓடியது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் வந்தது. அதுதான் இன்றைய போர்ட் கிள்ளான். பெட்டாலிங் சாலையின் கோடியில் நிற்கும் சான் குலத்தாரின் கோயில்வீடு 1906-இல் கட்டி முடிந்தபோது, அதன் கூரையில் நின்ற வீரர்களும் நாடகப் பாத்திரங்களும் தென்சீனத்தின் ஷிவான் ஊரில் சுடப்பட்டவை. இன்றும் தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். பச்சையும் நீலமும் பழுப்புமாக மெருகு பூசிய அந்த உருவங்கள் இந்த நகரில் பீங்கான் பொம்மைக் கலையின் திறந்தவெளிக் காட்சி. அவற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சந்தையில் ஷிவான் பொம்மை உடனே தெரியும். முகத்துக்கும் கைக்கும் மெருகு பூசாமல் மண்நிறத்திலேயே விட்டு, ஆடைக்கு மட்டும் பூசுவது அவ்வூர்க்காரர்களின் வழக்கம்.

தமிழ் வீட்டு அலமாரிக்கு வந்த பொம்மைகள் வேறு வழியில் வந்தன. ரவிவர்மாவின் ஓவியங்கள் 1894-இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகத்திலிருந்து வீடுவீடாகப் பரவின. பின்னர் அந்த அச்சகத்தை வாங்கி நடத்தியவர் பிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர். படத்துக்கு இருந்த கிராக்கியைக் கண்ட ஜெர்மன் பீங்கான் பட்டறைகள், அதே வீணை ஏந்திய சரஸ்வதியையும் தாமரை மேல் நின்ற லட்சுமியையும் யசோதை மடியில் கண்ணனையும் உருவமாக வார்த்து இந்தியச் சந்தைக்கு அனுப்பின. சேலை மடிப்பும் நகையும் ஓவியத்தில் உள்ளபடியே இருக்கும். கன்னத்தில் மட்டும் ஐரோப்பியப் பொம்மைக்குரிய ரோஜாச் சிவப்பு. செட்டிநாட்டு வீடுகளிலும் சென்னையின் வசதியான வீடுகளிலும் இவை கொலுப்படியில் இடம்பிடித்தன. இன்று ஏலத்தில் நல்ல விலை போகின்றன. மலேசியாவில் ஒரு பழைய குடும்பத்தின் பெட்டியில் இப்படி ஒன்று கிடைத்தால், அது பாட்டியின் கொலுப் பொம்மை என்பதோடு ஓர் ஏற்றுமதி வரலாற்றின் சாட்சியும்தான்.

முதல் உலகப் போர் அந்த வழியை அடைத்தது. ஜெர்மனியின் சரக்கு கடலில் இறங்க முடியாத அந்த ஆண்டுகளில், ஜப்பானின் நகோயாவும் பக்கத்திலுள்ள செத்தோவும் இடத்தைப் பிடித்தன. செத்தோ ஆயிரமாண்டுச் சூளைப் பாரம்பரியம் உள்ள ஊர். வெள்ளையாகச் சுடும், குழைத்தால் சொன்னபடி வளையும் களிமண் அங்கே தரையடியிலேயே கிடைத்தது. ஜெர்மானியரின் டிரெஸ்டன் பாணிப் பொம்மைகளைப் பார்த்துப் பழகிய செத்தோ கைவினைஞர்கள், ஒரு தலைமுறைக்குள் அவர்களோடு போட்டி போடும் நிலைக்கு வந்தார்கள்.

அந்த வேலையின் நுட்பத்துக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். நடனப்பெண்ணின் பாவாடையில் மெல்லிய லேஸ் சல்லடைபோல் நிற்குமே, அதை யாரும் மண்ணில் செதுக்கவில்லை. உண்மையான பருத்தி லேஸைக் கூழாகக் கரைத்த பீங்கான் களிமண்ணில் தோய்த்து, ஈரத்தோடு பொம்மையின் இடுப்பில் மடிப்பு வைத்துச் சுற்றுவார்கள். சூளையில் துணி எரிந்து போகும். நூல் இருந்த இடத்தில் பீங்கான் நிற்கும். நூறாண்டுக்கு முன் நெய்த ஒரு துணியின் ஒவ்வொரு முடிச்சும் அப்படியே இருக்கும். தொட்டால் நொறுங்கும் என்பதால் விளிம்பு முழுதாக உள்ள லேஸ் பொம்மை அபூர்வம். விளிம்பு சிதைந்திருப்பது இயல்புதான். அதற்காக ஒதுக்க வேண்டாம். முழுதாக இருந்தால்தான் சந்தேகப்பட்டு, பிளாஸ்டிக்கோ என்று விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

பொம்மைகள் மட்டுமல்ல, ஓடுகளும் வந்தன. இரு போர்களுக்கிடையே ஜப்பானியத் தொழிற்சாலைகள் பூ வேலைப்பாடுள்ள மஜோலிகா ஓடுகளை இந்தியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் பெருவாரியாக அனுப்பின. 1930-களில் இந்தியச் சந்தைக்கென்றே கிருஷ்ணரும் லட்சுமியும் பதிந்த ஓடுகள் வந்தன. அவற்றுக்கும் மூலம் ரவிவர்மா பாணி அச்சுப் படங்கள்தான். லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் மலாயாவில் ஈட்டிய பணம், காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இப்படிப்பட்ட ஓடுகளாகச் சுவரேறியது. ஒரே பொருள் இரண்டு கரையையும் தொட்டுச் சென்ற கதை இது.

பிறகு ஜப்பான் வேறு விதமாக வந்தது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அந்தக் காலத்தைக் கடந்த குடும்பங்களின் வீட்டில் பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் மறுபடி ஜப்பான் பொம்மை வந்து நின்றது என்பதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. போரில் தோற்ற நாட்டின் மிகச் சில வருமானங்களில் ஒன்றாக அப்போது பீங்கான் இருந்தது. 1947-இலிருந்து 1952 ஏப்ரல் வரை ஏற்றுமதியான ஜப்பானியச் சரக்குகள் பலவற்றில் ‘மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்’ என்ற முத்திரை இருக்கும். ஆக்கிரமித்த நாடு ஆக்கிரமிக்கப்பட்ட நாடாகத் தன் பொருளில் தானே எழுதிக்கொண்ட ஐந்தாண்டு அது.

இந்த முத்திரை சேகரிப்பவர்களுக்கு மிகப் பிரியமானது. காலத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் முத்திரைகள் குறைவு. அதனாலேயே போலிகளும் உண்டு. அசல் முத்திரை பெரும்பாலும் மெருகுக்கு அடியில் இருக்கும். நகச்சாயம் அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் அசையாது. போலி பஞ்சோடு வந்துவிடும். ‘ஆக்குபைட் ஜப்பான்’ பொருள்கள் பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போனவை. கோலாலம்பூரில் ஒன்று கிடைத்தால், பிற்காலத்தில் யாராவது கொண்டு வந்ததாகவும் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

மற்ற முத்திரைகளுக்கும் இப்படிக் காலக்கணக்கு உண்டு. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால் ஜப்பானியர் ‘நிப்பான்’ என்று பொறித்தார்கள். 1921-இல் அந்தப் பெயர் செல்லாது, ‘ஜப்பான்’ என்றுதான் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சொன்னது. ஜெர்மனியைப் பொறுத்தவரை வெறும் ‘ஜெர்மனி’ என்றால் பெரும்பாலும் 1945-க்கு முன், ‘யு.எஸ். ஸோன்’ என்றால் போருக்குப் பிந்திய சில ஆண்டுகள். ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்றால் 1949-க்குப் பின், 1990-க்கு முன். கன்னம் உப்பிய குழந்தைகளான ஹும்மல் பொம்மைகள் 1935-இல் தொடங்கின. 1950 முதல் அவற்றின் அடியில் ‘வி’ எழுத்துக்குள் ஒரு தேனீ இருக்கும். அந்தத் தேனீ சிறுத்து, உருமாறிப் போவதை வைத்தே ஆண்டைக் கணிக்கிறார்கள்.

ஆங்கிலேயப் பொருளில் ஒரு கண்ணி உண்டு. ராயல் டவுல்டன் பொம்மைகளில் 1913 முதல் ‘எச்.என்.’ என்ற எழுத்தோடு ஓர் எண் வரும். பலரும் அந்த எண்ணைக் காலம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது வடிவத்தின் எண் மட்டுமே. பலூன் விற்கும் மூதாட்டி, எச்.என். 1315, 1929-இல் அறிமுகமாகி 1998 வரை செய்யப்பட்டாள். கிள்ளான் வீட்டில் இருக்கும் மூதாட்டி எழுபது ஆண்டு இடைவெளியில் எந்த வருடத்தவளாகவும் இருக்கலாம். எண்ணைச் சுற்றியுள்ள முத்திரையின் வடிவம்தான் காலத்தைச் சொல்லும்.

முத்திரையே இல்லாதவைதான் அதிகம். பல செத்தோ பொம்மைகளுக்குக் காகித லேபிள் மட்டுமே ஒட்டியிருந்தது. முதல் முறை கழுவியதும் அது போயிற்று. அப்போது பொருளே பேச வேண்டும். பீங்கான் என்றால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும், மெல்லிய இடத்தில் வெளிச்சம் ஊடுருவும். மண்பாண்ட வகை என்றால் ஒலி மட்டுப்படும், மெருகில் சிலந்திவலைபோல் வெடிப்பு ஓடும். சாக்பீஸ்போலப் பொடி உதிர்ந்தால் பிளாஸ்டர் ஆப் பாரிஸ். அடியிலுள்ள ஓட்டையும் காரணமில்லாமல் இல்லை: உள்ளே கூடாக வார்த்த பொம்மை சூளையில் வெடிக்காமல் இருக்கக் காற்றுக்கு வழி வேண்டும். அச்சு வார்ப்பு என்பதால் பக்கவாட்டில் தையல்போல் ஒரு கோடு ஓடும். நல்ல பட்டறை அதைத் தேய்த்து மறைக்கும், அவசரப் பட்டறை விட்டுவிடும். விரல்களைப் பாருங்கள். புது அச்சில் வார்த்தால் ஐந்து விரலும் தனித்தனியாக நிற்கும். அச்சு தேயத் தேயக் கை ஒரே கட்டியாகும்.

கண்ணையும் புருவத்தையும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் தூரிகையின் இழுப்புத் தெரியும். புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அச்சிட்ட படத்தை ஒட்டியது. கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால், உடைந்து ஒட்டிய இடத்துப் பசையும் பூச்சும் வேறு நிறத்தில் ஒளிரும். கழுத்திலும் மணிக்கட்டிலும் கட்டாயம் அடித்துப் பார்க்க வேண்டும். பொம்மைகள் உடைவது அங்கேதான்.

விளக்குகளின் கதை மின்சாரத்தின் கதை. மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் எரிந்த இடங்களில் ஒன்று கோலாலம்பூருக்கு வடக்கே ராவாங். 1894-இல் அங்குள்ள ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவியவர்கள் தொழிலதிபர் லோக் இயூவும், பத்துமலைக் கோயிலுக்கு வழிவகுத்த தம்புசாமிப் பிள்ளையும். ஆனால் சாதாரண வீட்டு முன்கூடத்தில் மேசை விளக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. 1949-இல் மத்திய மின்சார வாரியம் ஏற்பட்டது. 1953-இல் கிள்ளானில் கொன்னாட் பிரிட்ஜ் மின்நிலையம் திறக்கப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில்தான் பீங்கான் உடலும் துணிக் குடையும் கொண்ட விளக்கு ஒரு வீட்டின் அந்தஸ்தாக மாறியது.

அதே காலத்தில் அமெரிக்காவில் ‘டிவி விளக்கு’ பிரபலமாக இருந்தது. இருட்டில் தொலைக்காட்சி பார்த்தால் கண் கெடும் என்று நம்பினார்கள். அதனால் பெட்டியின் மேல் ஒரு பீங்கான் சிறுத்தையோ அன்னமோ பாய்மரக் கப்பலோ உட்காரும். பல்பு அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து சுவரில் வெளிச்சத்தை அடிக்கும். குடை கிடையாது. கோலாலம்பூரில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது 1963 டிசம்பர் 28-இல். அதற்குள் அமெரிக்காவில் அந்த மோகம் தணியத் தொடங்கிவிட்டது. ஆகவே இங்கே சந்தையில் தென்படும் பதுங்கும் கருஞ்சிறுத்தை பெரும்பாலும் பிற்காலத்தில் கப்பலேறியது என்று கொள்வதே நியாயம்.

அதை உறுதி செய்ய வயரையும் ஹோல்டரையும் பார்க்கலாம். பிரிட்டிஷ் வழக்கத்தில் வந்த விளக்கில் அழுத்தித் திருப்பும் பின் ஹோல்டர். அமெரிக்க, ஜப்பானிய விளக்கில் திருகு ஹோல்டர். துணி சுற்றிய வயர், உருண்டைக் கால் பிளக், உள்ளே சிவப்பும் கறுப்புமான கம்பி என்றால் 1970-க்கு முந்தியது. பழுப்பும் நீலமும் என்றால் அதற்குப் பிந்தியது. ஆனால் வயர் விளக்கின் வயதைச் சொல்லாது. யாரோ கடைசியாக வயர் மாற்றிய காலத்தைத்தான் சொல்லும். பூச்சாடியைத் துளைத்து விளக்காக்கியதும் உண்டு. தொழிற்சாலையிலேயே வைத்த துளையின் விளிம்பு மழமழப்பாக, சில சமயம் மெருகோடு இருக்கும். பின்னால் துளைத்ததில் விளிம்பு சொரசொரப்பாக, சிறு சில்லு பெயர்ந்து காணப்படும். ஒரு நல்ல சாடியைத் துளைத்தால் விலை குறையும் என்பது உண்மை. ஆனாலும் அப்படித் துளைத்து, கிடைத்த மின்சாரத்தைக் கொண்டாடிய வீட்டின் விளக்கைத் துளைக்காத சாடியைவிடக் குறைவாக மதிக்க வேண்டியதில்லை.

இவற்றோடு இதே அலமாரியில் இன்னொரு வகையும் நின்றது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜுலா கப்பலையும், பின்னர் 1985 வரை ஓடிய எம்.வி. சிதம்பரத்தையும் அறியாத மலேசியத் தமிழர் அந்தத் தலைமுறையில் இல்லை. ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் பண்ணுருட்டி மண் பொம்மைகளைச் சேலைக்குள் சுற்றி எடுத்து வந்தார்கள். அவை பீங்கான் அல்ல. குறைந்த சூட்டில் சுட்ட மண்ணும் அதன் மேல் பூசிய வண்ணமும். தண்ணீர் பட்டால் வண்ணம் போகும். செட்டியார் பொம்மையும் டிரெஸ்டன் சீமாட்டியும் ஒரே தட்டில் நின்றதைப் பொருந்தாத சேர்க்கை என்று பார்ப்பவர்கள் உண்டு. கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிய எல்லாமே அந்தத் தட்டில்தான் வந்து சேர்ந்தன. இந்தக் குடும்பங்களின் வரலாற்றுக்கு அதைவிட நேர்மையான சான்று கிடைப்பது கடினம்.

செத்தோவின் பொற்காலம் 1985-இல் முடிந்தது. அந்த செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாஸா ஓட்டலில் ஐந்து நாடுகள் செய்த உடன்பாட்டுக்குப் பின், டாலருக்கு 240 யென் அளவில் இருந்த மாற்று விகிதம் இரண்டே ஆண்டில் 150-க்கும் கீழே வந்தது. ஜப்பானியப் பொம்மை வெளிநாட்டில் விலையேறியது. வேலை தைவானுக்கும் சீனாவுக்கும் போயிற்று. இன்று அவ்வூரின் செத்தோகுரா அருங்காட்சியகம் அந்தப் பெயரில்லாத கைவினைஞர்களின் பொம்மைகளைக் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்திருக்கிறது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆசியக் கலை அருங்காட்சியகம் பழைய கெண்டிகளைச் சேகரித்து ஆராய்ந்து பெயர்பெற்றது. அந்த அளவு அக்கறை, நம் முன்கூடத்துப் பொம்மைகளுக்கும் வர வேண்டும்.

அதற்குக் குடும்பங்கள்தான் முதலில் கைகொடுக்க முடியும். பாட்டியின் வீட்டைக் காலி செய்யும்போது பொம்மையைப் பெட்டியில் போடுவதற்கு முன், அதன் முகத்தையும் அடியையும் ஒவ்வொரு படம் எடுத்துவிடுங்கள். யார் வாங்கியது, எந்தக் கடையில், எந்தக் கல்யாணத்துக்கு வந்த பரிசு என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, அந்த அடி ஓட்டைக்குள்ளேயே சுருட்டி வைத்துவிடலாம். பொன் பூச்சு இருந்தால் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஈரத்துணியால் ஒற்றினால் போதும். பழைய விளக்கை அப்படியே பிளக்கில் செருகிப் பார்க்காதீர்கள். முதலில் ஓர் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து வயரையும் ஹோல்டரையும் மாற்றுங்கள். கழற்றிய பழைய வயரை எறியாமல், விளக்கோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.